இம்பாலாவின் முன் சீட்

இந்த பஸ் கிணத்துக்கடவு ஊருக்குள்ளே போகுமா அக்கா, இல்லை பாலத்து மேலேயே போய்விடுமா? கண்டக்டரிடம் கேட்டேன், போகும் என்றுதான் சொன்னார். ஆனால் டிக்கெட் கிழிக்கிற அவசரத்தில் சொன்னார். உங்களிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டால் நிம்மதி. எதையும் இரண்டு பேரிடம் கேட்பது என் வழக்கம். ஆபீசில் இதற்காகவே சிரிப்பார்கள்.

ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துவிடட்டுமா? என் தலைமுடி உங்கள் முகத்தில் அடிக்கிறது. ரயிலில் ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது, வேறு ஒன்று எடுத்து வரவில்லை. இப்படி நான் மறப்பதே இல்லை.

சென்னையிலிருந்து வருகிறேன். இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் இல்லை. ஒரு காரின் சீட் முன்பு எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வருகிறேன். சிரிக்காதீர்கள். நான் மெக்கானிக்கும் இல்லை. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கப்பலில் வரும் சரக்கை கஸ்டம்ஸில் காட்டி, வெளியே எடுத்து, பார்ட்டி கையில் ஒப்படைப்பது எங்கள் வேலை. டைல்ஸ் வரும், மருந்து வரும், முந்திரிக்கொட்டை வரும். எங்கள் வீட்டில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்திதான். அம்மா காசிமேட்டில் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கிறாள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாடைதான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் நிற்கும். வீட்டில் எல்லாத் துணியிலும் நிற்கும். காலேஜ் பஸ்ஸில் என் பக்கத்து இடம் கடைசியில்தான் நிறையும். யாரும் எதுவும் சொன்னதில்லை, ஜன்னலை மட்டும் திறப்பார்கள். அதிலிருந்து எனக்கு வாடை என்றாலே ஆகாது. இப்போதும் அம்மா வேலை விட்டு வந்ததும் ஒரு எலுமிச்சம்பழ மூடியைக் கையில் கொடுத்துவிடுவேன். தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் என் பக்கத்தில் உட்கார வேண்டும். அம்மாவுக்கும் அது பழகிவிட்டது, வாசலிலேயே கையை நீட்டிவிடுவாள்.

போன வருஷம் எங்கள் முதலாளி தனகோபால் சார் ஒரு ஃபைலை என் மேஜையில் வைத்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய கார் வருகிறது, செவர்லே இம்பாலா. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பச்சை நிறம், படகு மாதிரி நீளம், பின்பக்கம் இறக்கை விரித்த மாதிரி இருக்கும். இப்படிப் பழைய கார் வரவழைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஷெட்டில் நிறுத்தித் துடைத்துத் துடைத்து வைப்பார்கள், கண்காட்சி நடந்தால் ஓட்டிக்கொண்டு போவார்கள். ஒரு சின்னக் கீறலுக்கு எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். "பார்ட்டி கோயம்புத்தூர்ப் பக்கம், பெரிய இடம். வண்டி ஷோரூம்லருந்து எறங்கின மாதிரி இருக்கணும் வெண்ணிலா" என்றார் சார். வெண்ணிலா என் பெயர்.

பார்ட்டியின் பெயர் நாச்சிமுத்து. மில் மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா வயது இருக்கும், ஆனாலும் என்னிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வண்டி அவர் மகன் ரகுவுடையதாம். அமெரிக்காவில் வேலையில் இருந்த பையன், யாரோ துருப்பிடிக்கப் போட்டிருந்ததை வாங்கி, லீவு நாளெல்லாம் அதற்கு அடியிலேயே படுத்துக் கிடந்து சரிசெய்தானாம். ஊருக்கே திரும்பிவிடுகிறவர்கள் வீட்டுச் சாமானோடு காரையும் கப்பலில் போடுவது உண்டு. நான் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் போனில் பேச்சோடு பேச்சாக, பையன் எப்போது சார் வருகிறார் என்று கேட்டேன்.

"அவன் வந்துட்டானுங்க," என்றார். "அவன் முன்னாடியே வந்துட்டான். வண்டிதான் பின்னாடி வருது."

நல்லதாகப் போயிற்று சார் என்றேன். ஆமாங்க என்று போனை வைத்துவிட்டார்.

மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டில், பெட்டிக் கதவில் போட்டிருந்த சீல் பூட்டை வெட்டித் திறந்தோம். சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுத்து, பெல்ட் போட்டு, மாட்டைக் கட்டின மாதிரி கட்டியிருந்தார்கள். கார் கதவைத் திறந்ததும் வாடை வந்தது. ஈரத்துணி வாடை. அதற்குள்ளே காபி. அதற்கும் உள்ளே என்னவோ ஒன்று, தலைக்குக் குளித்துவிட்டு வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வருமே, அந்த மாதிரி. மாதக்கணக்கில் கடல்மேல் மூடிக் கிடந்த வண்டி, வாடை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தேன்.

உள்ளே உட்கார்ந்து, வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். ஸ்டீயரிங் இடதுபக்கம். முன் சீட் நம் கார்களில் இருப்பது போல இரண்டாகப் பிரிந்திருக்காது, பெஞ்சு மாதிரி ஒரே நீளம். தள்ளினால் மொத்தமும் நகரும், இழுத்தால் மொத்தமும் வரும். நான் உட்கார்ந்தேன். நான் குள்ளம், பார்க்கிறீர்கள் இல்லையா, இந்த பஸ்ஸிலேயே என் கால் தரையில் முழுதாகப் படியவில்லை. அவ்வளவு பெரிய வண்டியில் என் கால் பெடலில் போய்ச் சரியாகப் படிந்தது. நிமிர்ந்தால் கண்ணாடியில் பின்பக்கம் முழுக்கத் தெரிந்தது. எதையும் நகர்த்தவில்லை, திருப்பவில்லை. எனக்கே அளவெடுத்து வைத்த மாதிரி. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்த வண்டியில் கியர் கம்பி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கறுப்பு ரப்பர் பேண்ட். தலைக்குப் போடுவது. கழன்று விழாதபடி பல சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. யாரோ ஒருத்தி மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். எப்படித்தான் மறக்கிறார்களோ. நான் எங்கே இறங்கினாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன்.

செடி, மண் எல்லாம் பார்க்கிற அதிகாரி வந்து கால்மிதியைத் தூக்கினார். கீழே மணல். வைப்பர் இடுக்கில் காய்ந்த இலைகள், சிவப்பாக, விரல் விரித்த கை மாதிரி. வேறு நாட்டு மண்ணும் இலையும் உள்ளே வரக்கூடாது, சுத்தம் செய்து காட்டுங்கள் என்றார். கால்மிதியையும் இடுக்கையும் துடைத்திருந்தால் அவருக்குப் போதும். எனக்குப் போதாது. செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும்.

யார்டுக்கு வெளியே கார் கழுவுகிற காஜா பாயைக் கூப்பிட்டேன். அவர் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "சீட்டெல்லாம் கழட்டணுமாம்மா? ஆள் வாடைதானே, ஓட்ட ஓட்டத் தானா போயிடும்" என்றார். எல்லாவற்றையும் கழற்றுங்கள் பாய் என்றேன். சீட்டைக் கழற்றி, நுரை போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தார். கூரைத் துணி, கதவுத் துணி, ஒன்றையும் விடவில்லை. ரப்பர் பேண்ட் கழன்று வரவில்லை, நீளமான முடி சில அதில் பின்னிக் கிடந்தது. கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். சீட்டைத் திரும்ப மாட்டும்போது பாய் அதைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டார். அவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள், அடியில் துடைக்க வசதி. கண்ணாடியையும் துடைத்துத் திருப்பி வைத்தார். கடைசியாக மல்லிகை வாசனை டப்பா ஒன்றை டேஷ்போர்டில் ஒட்டினோம். மூக்கை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மல்லிகை மட்டும். நான் சரியாகத்தான் செய்தேன் அக்கா.

பார்ட்டி வண்டி எடுக்க வருகிற அன்று யார்டில் எல்லாரும் சேர்ந்து பூஜை போட்டோம். எந்த வண்டி இறங்கினாலும் போடுவதுதான். டயருக்கு டயர் எலுமிச்சம்பழம், கற்பூரம், பானெட்டில் சந்தனம், குங்குமம். மாலை நான் வாங்கினது. வழக்கமாகச் சாமந்திச் சரம்தான் சுற்றுவார்கள். நான் பூக்கடை வரைக்கும் போய், ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டின ஆள் மாலையாக வாங்கிவந்தேன். வண்டியின் முகமே மறைந்துபோகும் அளவுக்குப் பெரிய மாலை.

நாச்சிமுத்து சார் வந்தார். நெடுநெடுவென்று உயரம், வெள்ளை வேட்டி சட்டை. கூட அவர் மனைவி மரகதம்மா. பையன் பின்னால் வருகிறானா என்று நான் வாசலைப் பார்த்தேன். சார் மாலைக்கு முன்னால் நின்றுவிட்டார். மாலை பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். அப்புறம் அதைக் கழற்றினார். இரண்டு கையாலும், ஒரு பூ உதிராமல். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் தனகோபால் சார் என் காதருகே வந்து சொன்னார். அந்தப் பையன் அங்கேயே தூக்கத்தில் இறந்துபோனவனாம். உடம்பு விமானத்தில் வந்ததாம். முதலாளிக்கு முதலிலேயே தெரியுமாம், என்னிடம் சொல்ல விட்டுப்போயிற்றாம்.

நாச்சிமுத்து சார் பழக்க தோஷத்தில் வலதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங் அங்கே இல்லை. இறங்கிச் சுற்றி வந்து இடதுபக்கம் ஏறினார். எல்லா ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிவிட்டார். கொளுத்துகிற வெயில். உள்ளே சீட்டைக் கையால் தடவி, கையை முகத்துக்குக் கொண்டுபோனார். மறுபடி தடவினார். மல்லிகை வாசனை பிடித்திருக்கிறதா என்று கேட்கலாம் என்று நான் பக்கத்தில் போனேன். அவர் கண்ணாடியை இறக்கி, "இதுக்குள்ள என்னங்க அம்மிணி பண்ணுனீங்க?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சீட் கழற்றினது, நுரை போட்டது, காயவைத்தது, எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

திட்டவில்லை. இதுவரைக்கும் யாருமே என்னைத் திட்டவில்லை அக்கா. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதிகாரி சொன்னார், செய்தேன். மண் வரக்கூடாது என்பது விதி. பதில் எல்லாம் என்னிடம் இருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

மரகதம்மா வண்டியைத் தொடக்கூட இல்லை. என்னை ஓரமாக அழைத்துப் போய், உள்ளே ஏதாவது கிடந்ததா என்று கேட்டார். மணல், இலை, தலைக்குப் போடும் ரப்பர் பேண்ட் ஒன்று என்றேன்.

"என்ன நெறம் கண்ணு?"

கறுப்பு என்றேன்.

"முடி இருந்துச்சா அதுல?"

இருந்தது, நீளமான முடி என்றேன். வெட்டி எறிந்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்குள் இருக்கிறவரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ஒரு பொண்ணு அங்கிருந்து ஒருக்கா எனக்குப் போன் பண்ணுனா. ரகுவுக்கு வேண்டியவன்னு மட்டும்தான் சொன்னா, மேல பேச வரல அவளுக்கு. அழுதுட்டே இருந்தா. எனக்கும் என்ன கேக்கறதுன்னு தெரியல, வெச்சுப்போட்டேன். இவருக்குத் தெரியாது. பையன் ஒண்டியாத்தான் இருந்தான்னு நெனச்சுட்டு இருக்கறாரு. நீ சொல்லிராத கண்ணு."

சரிங்கம்மா என்றேன். நான் சரி என்றால் சரிதான்.

அப்புறம் நாச்சிமுத்து சாரிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது சரியாக வரும். நலம் விசாரிப்பார். வண்டிக்கு நம்பர் வாங்கியாயிற்று என்பார். தினமும் ஷெட்டுக்குப் போய் உள்ளே உட்கார்ந்திருப்பாராம். ஒருநாள், கழுவுவதற்கு முன்னால் என்ன வாடை இருந்தது என்று கேட்டார். ஈரத்துணி சார், காபி சார் என்றேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. காபின்னா உசுரு அவனுக்கு என்றார்.

அன்றைக்கு ஆபீஸ் படிக்கட்டில் அந்த மூன்றாவது வாடை வந்தது. அப்புறம் மின்சார ரயிலில். அப்புறம் எங்கள் வீட்டுக் கொடியில், துணியில். முகர்ந்து பாரு என்று அம்மாவிடம் நீட்டினால், சோப்பு வாசனைதாண்டி என்கிறாள். காஜா பாயை விட்டால், அந்த வாடை தெரிந்த ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். எதைக் கழுவினால் இது போகும், சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போது வேறு ஒரு நினைப்பு வருகிறது. என் உயரத்தில் ஒருத்தி அந்த சீட்டில் உட்கார்ந்து, இதே மாதிரி நிமிர்ந்து கண்ணாடி பார்த்திருப்பாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. அதனால் என் முகம்தான் தெரிகிறது. ரொம்ப நேரம் பார்த்தால் அதுவும் என்னுடையது மாதிரி இல்லை.

போன வாரம் பேசும்போது, அங்கே வண்டியைக் கப்பலுக்குக் கொண்டுவந்து விட்டவரைப் பற்றிச் சொன்னார். கூட வேலை பார்த்த புண்ணியவான் யாரோ ஒருத்தராம். வெகுதூரம் தனியாக ஓட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டாராம். நன்றி சொல்லலாம் என்றால் பேர்கூடத் தெரியவில்லையாம். நான் உம் கொட்டினேன். அப்புறம்தான் கேட்டார்.

"எல்லாம் கழுவியாச்சு, அது போவட்டும். சீட்டு மட்டும் எனக்கு அளவெடுத்த மாதிரி இருக்குதுங்க அம்மிணி. காலை நீட்டுனா அப்படியே பொருந்துது. ரகுவும் எம்பட ஒசரந்தான். அப்ப இது அவன் வெச்ச எடந்தானுங்களே?"

ஆமாம் சார் என்று சொன்னால் முடிந்தது. வாயைத் திறந்தேன், வரவில்லை. அது காஜா பாய் தள்ளி வைத்த இடம். எனக்குப் பொய் வராது அக்கா. அதற்காகப் பெருமைப்படவில்லை, வராது, அவ்வளவுதான். நேரில் வந்து பார்த்துச் சொல்கிறேன் சார் என்றேன். அப்போதைக்குத் தப்பிக்கச் சொன்னது. வாங்க அம்மிணி என்று, எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், எது பாலத்து மேல் போகும், எது ஊருக்குள் போகும், எல்லாம் சொல்லிவிட்டார்.

இந்த இடம் இல்லை என்றால், எந்த இடம் என்பார். இன்னும் முன்னால் என்றால், எவ்வளவு முன்னால் என்பார். என் கால் எட்டுகிற அளவுக்கு என்று சொல்ல வேண்டிவரும். அதைக் கேட்டால், கடைசியாக ஓட்டினது ரகு இல்லை, என்னை மாதிரிக் குள்ளமான ஒருத்தி என்று அவருக்குப் புரியாமல் போகுமா? மரகதம்மாவுக்குக் கொடுத்த வார்த்தை என்ன ஆவது? அவரிடம் மிச்சம் இருப்பது அந்த சீட் ஒன்றுதான். அதுவும் இல்லை என்று சொல்ல நான் சென்னையிலிருந்து ரயிலேறி வர வேண்டுமா?

ரயிலில் யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். சரியா என்று சொல்லுங்கள். நான் வாயால் எதுவும் சொல்ல மாட்டேன். ஏறி உட்காருவேன். கால் எட்டாது. முன்னாடி இழுத்துக்குங்க அம்மிணி என்று அவரே சொல்வார். பெடல் எட்டுகிறவரைக்கும் இழுப்பேன். இழுத்த இடத்தில் விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். பொய்யும் இல்லை, வார்த்தை மீறினதும் இல்லை. அவர் எப்படி எடுத்துக்கொண்டாலும் அது அவர் பாடு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மறந்துவிட்டுப் போகவில்லை என்கிறீர்களா, அந்த ரப்பர் பேண்டை? பின்னே எதற்கு ஒருத்தி அதைக் கியர் கம்பியில் அப்படி இறுக்கிச் சுற்றி வைக்க வேண்டும்? வண்டி எங்கே போகிறது என்று தெரிந்தேவா?

இல்லை அக்கா, நீங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம், உங்களுக்கு வேண்டியிருக்கும். சரி, கொடுங்கள். இதுவும் கறுப்புதான். தலைக்குப் போடவில்லை, கையில் மாட்டிக்கொள்கிறேன். மரகதம்மா பார்த்தால், அது இல்லை, இது பஸ்ஸில் ஒரு அக்கா கொடுத்தது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பஸ் கீழேதான் இறங்குகிறது, நல்லவேளை. இதுதான் ஸ்டாப்பா?

அதோ, பச்சை வண்டி. டீக்கடைக்கு முன்னால் நிற்கிறதே, அதுதான். சாரே வந்திருக்கிறார். ஆனால் பாருங்கள், ஸ்டீயரிங் பக்கம் உட்காரவில்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் முட்டுகிறது. அவ்வளவு பெரிய மனிதர் ஏன் இப்படி மடங்கி உட்கார்ந்திருக்கிறார்?

சீட் முன்னால் வந்திருக்கிறது அக்கா. நான் இழுக்கவில்லை. நான் இன்னும் இறங்கவே இல்லை.

பின் சீட்டில் மரகதம்மா. வண்டியைத் தொடாமல் நின்றவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அவளைப் பற்றி அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். ஸ்டீயரிங் பக்கத்துக் கதவை மட்டும் அகலமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் யாரும் இல்லை, எனக்காகவா விட்டு வைத்திருக்கிறார்கள்? இரண்டு பேரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு ஓட்டத் தெரியாது என்று அவர்களிடம் சொன்னேனா இல்லையா, ஞாபகம் வரவில்லை.

வருகிறேன் அக்கா. நான் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இங்கே எதையும் விட்டுவிட்டுப் போகிறேனா என்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.